காத்திருப்போர் கையில் ஒரு காதல் நாவல்

சிற்றூர்க் காதல் நாவல்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ராபின் காரின் ‘வர்ஜின் ரிவர்’ 2007-இல் வெளிவந்தது. கொள்ளையொன்றில் கணவனைப் பறிகொடுத்த மெல் என்னும் செவிலி, லாஸ் ஏஞ்சல்ஸை விட்டு வட கலிபோர்னிய மலைச் சிற்றூருக்கு வருகிறாள். தங்குவதற்கென வாக்களிக்கப்பட்ட வீடு பாழடைந்து கிடக்கிறது. முதிய மருத்துவருக்கோ அவள் வரவில் விருப்பமில்லை. திரும்பிவிட எண்ணியவளை, மருத்துவர் வீட்டு வாயிலில் யாரோ விட்டுச்சென்ற பச்சிளங்குழந்தை நிறுத்திவிடுகிறது. காதல் அதன் பின்னரே. (காதலன் மதுக்கூடம் நடத்துபவன், நம் மருத்துவர்கள் பொறுத்தருள்க!)

இத்தகைய நாவல்கள் இன்பமாகவே முடியும். அதைக் குறையென்பர் திறனாய்வாளர். பரிசோதனை முடிவை எதிர்பார்த்து இரவைக் கழிப்பவருக்கு அதுவே பெரும் ஆறுதல் என்பது நம் கருத்து. அவர் அஞ்சாமல் புரட்டக்கூடிய கடைசிப் பக்கம் அது ஒன்றுதான். மேலும், படுக்கை எண்ணால் அறியப்படும் நாள்களில், எல்லோரும் பெயர் சொல்லி அழைக்கும் ஊரொன்றில் சற்று நேரம் வாழ்ந்து வரலாம். காத்திருப்புக் கூடத்து அலமாரியில், நீரிழிவுக் கையேடுகளுக்கு அருகே, இவற்றுக்கும் இடம் வேண்டும். படித்து முடித்தவற்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து வைக்கலாம். கடைசிப் பக்கம் கிழியாதிருந்தால் போதும்.