நாயகன் வென்றான், இழந்தவன் எங்கே?

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு மாலைப்பொழுது. வலைகள் காயும் மணலில் சிறுவர் சிலர் சினிமா விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தனர். கொள்ளைக் கூட்டத் தலைவனாக எல்லாரும் போட்டியிட்டனர். தோற்றவர்களுள் ஒருவன் காவலனாக இருக்க இசைந்தான். ஆனால் பொருளைப் பறிகொடுப்பவனாக வர எவனும் முன்வரவில்லை. இறுதியில், இருப்பவர்களிலேயே சிறியவனை இழுத்து வந்து அவ்விடத்தில் நிறுத்தினார்கள். அவன் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

கதாநாயகன் அப்பழுக்கற்றவனாகவே இருக்கவேண்டும் என்று நம்மவருள் சிலர் வாதிடுகின்றனர். அவர்களுக்கு நம் மறைநூலே மறுப்பு. தாவீது பிறன் மனைவியைக் கவர்ந்தான். அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொல்வித்தான். வேதம் இதை மறைக்கவில்லை. ஒரே ஆட்டுக்குட்டியைப் பறிகொடுத்த ஏழையின் கதையைச் சொல்லி, அரசனே தன்மீது தீர்ப்பிடும்படி செய்தார் நாத்தான். மத்தேயு தம் நற்செய்தியின் மூதாதையர் பட்டியலில் சாலமோனின் தாயை அவள் பெயரால் குறிக்கவில்லை. உரியாவின் மனைவி என்றே குறிக்கிறார். கொலையுண்டவனின் பெயர் தலைமுறைகள் கடந்தும் அழியவில்லை!

மனிதன் நன்மையும் தீமையும் கலந்தவன். அதைக் காட்டுவதே கலை என்பர் வேறு சிலர். இது பாதி உண்மை. 1987-இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கர் ஏழைகளின் காவலர், கடத்தல்காரர், கொலையாளி. அவர் நல்லவரா, கெட்டவரா என்ற கேள்விக்கு அவரிடமே விடையில்லை. ஆயினும் அவர் கொன்ற காவல் அதிகாரியின் மகன் கதையை விட்டு நீங்குவதில்லை. மனநலம் குன்றிய அம்மகனே முடிவில் அவரைச் சுடுகிறான். படம் அவருக்காக நம்மை அழவைக்கிறது. ஆனால் அவரை விடுதலை செய்யவில்லை. 2011-இல் வந்த ‘மங்காத்தா’வோ வேறு வகை. பணியிடைநீக்கத்தில் உள்ள காவலன் ஒருவன் சூதாட்டப் பணத்துக்காகக் கூட்டாளிகளையே பலியிடுகிறான். பணமும் கைதட்டலும் அவனுக்கே. செத்தவர்களுக்காக அழ அங்கே யாருமில்லை. இரண்டையும் ‘எதிர்நாயகன் கதை’ என்று ஒரே பெயரால் அழைப்பது சரியன்று. பாவியின்மீது இரங்குவது வேறு. பாவத்துக்குக் கணக்கே இல்லை என்பது வேறு.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு வழக்கம் உண்டு. மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அது. இன்று ஒருவனுக்கு நல்ல இடம் வாய்த்தால் நாளை அது மற்றவனுக்கு. அடுத்தவன் முறையில் வலை விரிப்பவன் எத்துணைச் சாமர்த்தியசாலியானாலும் அவனை யாரும் நாயகன் என்று கொண்டாடுவதில்லை. ஏன்? இழந்தவன் பக்கத்து வீட்டில் இருக்கிறான். அவன் அடுப்பு எரியாதது கண்ணுக்குத் தெரிகிறது. திரையில் அந்த அடுப்பைக் காட்டாமல் விடுவதுதான் தந்திரம்.

பாடு என்றால் துன்பமும் ஆகும் அன்றோ? குருத்து ஞாயிறன்றும் பெரிய வெள்ளியன்றும் திருப்பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது நாமும் ஒரு வேடம் ஏற்கிறோம். அது பேதுருவின் வேடமன்று, வெரோனிக்காவின் வேடமுமன்று. சிலுவையில் அறையச் சொல்லிக் கத்தும் கூட்டத்தின் வேடமே நமக்கு. அந்த வரியைச் சொல்லும்போது நா கூசுகிறது. கூசவேண்டும். தீயவனின் வேடம் ஏற்பதில் தவறில்லை. கூசாமல் ஏற்பதே தவறு.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகளின் கையிலிருந்து கதையைப் பிடுங்காதீர்கள். படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதில் இழந்தவன் யார்? அவன் வீட்டில் இன்றிரவு என்ன நடக்கும்?” விளையாட்டிலும் பாடு முறை வரட்டும். தலைவனாக நின்றவன் மறுமுறை பறிகொடுப்பவனாக நிற்கட்டும். அந்தச் சிறியவன் மட்டும் நாள்தோறும் ஏன் அங்கே நிற்கவேண்டும்?