அம்மா அள்ளிய சாம்பல்

போன மழைக்காலம் முடிந்ததும் தம்பி ஒரு வீடியோவைக் காட்டினான். வால்பாறையில் நாங்கள் வளர்ந்த எஸ்டேட்டின் பழைய தேயிலை ஃபாக்டரிக்குள் நான்கு பையன்கள் டார்ச் விளக்கோடு நுழைகிறார்கள். ஃபாக்டரி மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. கூரைத் தகரம் பாதி பறந்துவிட்டது. தரையில் ஒரு சதுரத் துளை. ஒருவன் அதற்குள் இறங்கி, கொஞ்ச தூரம் ஊர்ந்து, "யாருமே கால் வைக்காத வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கம்" என்கிறான். பின்னால் பேய்ப்பட இசை ஓடுகிறது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அது சுரங்கமா? சாம்பக் குழி கண்ணு. டிரையர் அடுப்புப் புகை போற வழி. லீவு நாள்ல நாந்தான் உள்ள பூந்து அள்ளுவேன். ஆம்பளைங்க உடம்பு அதுல நுழையாது."

முக்கால் மணி நேரம் உள்ளே இருப்பாளாம். முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வாளாம். அந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. நாங்கள் கேட்டதே இல்லை.

எனக்கு எரிச்சல் மூட்டியது அந்த "யாருமே". இந்த மலை அந்தச் சொல்லை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறது. காடர், மலசர், முதுவர், புலையர் வாழ்ந்த ஆனைமலைக் காட்டை, யாருமில்லாத காடு என்று சொல்லித்தான் 1890களில் தோட்டங்களுக்காக வெட்டினார்கள். வால்பாறைக்கு ஏறும் சாலையில் கார்வர் மார்ஷ் துரைக்குச் சிலை நிற்கிறது. கங்காணியிடம் முன்பணம் வாங்கிச் சமவெளியிலிருந்து ஏறி வந்து, காய்ச்சலிலும் கடனிலும் செத்தவர்களுக்கு என்ன இருக்கிறது? இங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய 'ரெட் டீ' இருக்கிறது. அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வருவதற்கு இன்னும் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆனது.

கைவிடப்பட்ட இடங்களைத் தேடிப் போகிறவர்கள் எதைப் படம் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். உருளை இயந்திரம், பற்சக்கரம், புகைபோக்கி, துரை பங்களாவின் கணப்படுப்பு. தோட்டத்தில் இயந்திரம் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்தது. கொழுந்து பெண்கள் கையில். பறித்த கொழுந்து அன்றைக்கே ஃபாக்டரிக்குப் போய், வாடி, நசுங்கி, புளித்து, காய்ந்து, யாரோ ஒருவரின் கோப்பைக்குள் கரைந்துவிடும். முப்பது வருடம் கொழுந்து கிள்ளியவளின் வேலைக்கு இடிபாடு என்று ஒன்று மிஞ்சுவதில்லை. அது விரல் நுனியின் கறுப்பாகவும் தலைப்பட்டை அழுத்திய கழுத்து வலியாகவும் அவளோடு மலையிறங்கிவிடுகிறது. இடிபாட்டை மட்டுமே வரலாறு என்று கொண்டால், அந்த வரலாற்றில் அவள் இருக்கவே முடியாது.

சட்டமும் அவளைப் பார்த்த விதம் வேடிக்கையானது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இரவு ஏழு மணிக்கு மேல் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பூமிக்கடியில் பெண் வேலை செய்யவே கூடாது என்றது. அந்தத் தடை தளர்ந்தது 2019இல்தான். நல்ல சம்பளமுள்ள வேலை என்றால் பெண் உடம்பு மென்மையானது. சாம்பல் அள்ளுவது என்றால் அதே உடம்பு துளைக்குள் நுழையக் கச்சிதமானது.

வீடியோவைப் பார்த்த பிறகு அந்த ஃபாக்டரிக்கு நானும் என் தோழியும் போனோம். வாட்ச்மேன் அண்ணன் நல்ல மனிதர். அவர் முதலில் கேட்டது, "கூட ஆம்பளை யாரும் வரலியாம்மா?" அந்த நான்கு பையன்களிடம், கூடப் பொம்பளை வந்திருக்கிறாளா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பூட்டு உடைத்து நுழைந்தால் அவனுக்குச் சாகசம். நாங்கள் வாசலில் நின்றாலே, எதற்கு வந்தாய், யாரோடு வந்தாய் என்று பதில் சொல்ல வேண்டும். அம்மா அதே குழிக்குள் தனியாக இறங்கியபோது மட்டும் இந்தக் கவலை யாருக்கும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடங்கள் தாமாகப் பாழடைவதில்லை. எஸ்டேட்டில் லைன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். அம்மா ஓய்வுபெற்றபோது, வீட்டுச் சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி என்றார்கள். கதவைப் பூட்டிவிட்டு மலையிறங்கினோம். மறு வருடம் ஓடு சரிந்தது. கவாத்து செய்யாத தேயிலை மரமாக வளர்ந்து வாசல்வரை வந்துவிட்டது. இப்போது அது "திகில் லைன் வீடு".

இது எங்கள் எஸ்டேட்டின் கதை மட்டுமா? நெல்லை மாவட்டத்து மாஞ்சோலையைப் பாருங்கள். கூலி கேட்டுப் போராடியவர்கள் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. அந்தத் தோட்டத்தின் குத்தகை 2028இல்தான் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், நிறுவனம் தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வு எழுதி வாங்கிவிட்டது. கோவையில் 2020 ஊரடங்கில் நின்ற தேசியப் பஞ்சாலைக் கழக மில்கள் என்ன ஆயின? இன்னும் சில வருடங்களில் இங்கெல்லாம் டார்ச் விளக்குகள் வரும். "மர்மம்" என்பார்கள். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் வெளியேறினார்கள் என்பதற்குக் காகிதம் இருக்கிறது.

பழைய இடங்களைப் பார்க்கவே கூடாதா என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். தாராளமாகப் பார், இறங்கு, ஊர்ந்தும் போ. பெண்பிள்ளைகள் இன்னும் அதிகமாகப் போக வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் போவதற்கு முன், அங்கே வேலை செய்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடி. பொள்ளாச்சியிலோ திருப்பூரிலோ வாடகை அறையில் இருப்பாள். எந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாய், எவ்வளவு கூலி, பிள்ளையை எங்கே விட்டாய், பாக்கி வந்ததா என்று கேள். அவள் பெயரைப் படத்துக்கு மேலே எழுது.

என் அம்மாவின் பெயரைத் தற்காலிகத் தொழிலாளர் பதிவேட்டில் தேடினேன். அவள் சாம்பல் அள்ளிய நாட்கள் எதிலும் இல்லை. தம்பி அந்தப் பையன்களின் வீடியோவுக்குக் கீழே ஒரு வரி எழுதினான்: "இந்தக் குழியில் எங்கம்மா வேலை பார்த்தாங்க." மூன்று நாள் கழித்து ஒருவன் பதில் போட்டான்: "சூப்பர் ப்ரோ, உள்ளே பேய் பார்த்திருக்காங்களா?"

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பேயெல்லாம் பாக்கலை. மேஸ்திரியத்தான் பாத்தேன்" என்றாள்.