ஆழத்து நீருக்குக் காவல் எது?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து எண்ணெய் மணற்படுகைகளில், கெட்டியான எண்ணெயை இளக்க நீராவியைச் செலுத்துவர். இடையே சேற்றுப்பாறை அடுக்கு குறுக்கிட்டால் நீராவி மேலேறாது. துளைக்கிணறு அவ்வடுக்கின் தடிமனைக் காட்டும். அது அறுபடாமல் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதைக் காட்டாது. அங்கே வேதியியல் துணைக்கு வருகிறது. நுண்ணுயிர்ச் சிதைவால் எண்ணெயின் கூறுகள் ஆழத்தோடு படிப்படியாக மாறும். அம்மாற்றம் ஓரிடத்தில் திடீரெனத் தாவினால், நெடுங்காலம் கலப்பைத் தடுத்த தடை ஒன்று அங்கு உள்ளது என்று கொள்ளலாம்.

இத்தருக்கம் கொல்கத்தாவுக்கு அயலானதன்று. இங்கே எண்ணெயின் இடத்தில் குடிநீர் இருக்கிறது. 1983இல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, ஆர்சனிக் நஞ்சால் பாதிக்கப்பட்ட கிராமத்தவரை அடையாளம் கண்டார். நஞ்சு பெரும்பாலும் ஆழம் குறைந்த சாம்பல்நிற மணலின் நீரில் இருந்தது. எனவே ஆழ்குழாய்க் கிணறே தீர்வென்று கருதப்பட்டது.

அத்தீர்வு மண்ணின் வரலாற்றைச் சார்ந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, வெளிப்பட்டிருந்த மேட்டுநிலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து களிமண்ணாயிற்று. இன்று புதையுண்டு கிடக்கும் அத்தொல்மண் அடுக்கு, கீழுள்ள பழுப்பு மணலின் நல்ல நீரைக் காக்கிறது. பண்டை ஆறுகள் அரித்த தடங்களில் அவ்வடுக்கு இல்லை. மெக்ஆர்தர் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கியது.

ஆகவே துளைப் பதிவில் களிமண்ணைக் கண்டதும் மனநிறைவு கொள்வது தவறு. ஓரிடத்துக் களிமண் அடுத்த ஊரிலும் உண்டு என்பதற்கு உறுதியில்லை. மேல்நீரையும் கீழ்நீரையும் தனித்தனியே எடுத்து ஆர்சனிக், இரும்பு, குளோரைடு, டிரைட்டியம் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். ஆழத்து நீரில் டிரைட்டியம் தென்பட்டால், 1950களுக்குப் பின் பெய்த மழை அங்கு கலந்துவிட்டது என்றே பொருள். காவல் எங்கோ உடைந்திருக்கிறது, அல்லது கிணற்றின் புறச்சுவரே வழிவிட்டிருக்கிறது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. வேதியியல் சொல்வது கடந்தகாலச் சாட்சியம். இயற்கையின் மெல்லிய ஓட்டத்தை ஆயிரமாண்டுகள் தாங்கிய தடை, இரவுபகலாக இயங்கும் மோட்டாரின் இழுவையைத் தாங்குமென்று அது உறுதி கூறாது. எனவே ஒருமுறைச் சோதனை போதாது. ஆண்டுதோறும் அளந்து, முடிவுகளைக் கிணற்றடியிலேயே வங்காளியில் எழுதி வைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த எண்ணை ஆய்வேடு மட்டும் அறிந்து, குடிப்பவர் அறியாதிருப்பின் அவ்வறிவால் யாருக்குப் பயன்?