‘சேட்’ என்ற ஒரு சொல் போதுமா?

ஈப்போவில், புந்தோங் வட்டாரத்தில் உள்ள ஒரு கிளினிக்கை எண்ணிப் பார்க்கலாம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய பாட்டி ஒருவர் மருத்துவர் முன் அமர்ந்திருக்கிறார். தாத்தா இறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில் கேட்கிறார். படிவம் இரண்டில் படிக்கும் பேத்திதான் மொழிபெயர்ப்பாளர்.

“நெஞ்சு அடைக்குதும்மா. ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குது” என்கிறார் பாட்டி.

பேத்தி சற்று யோசித்துவிட்டு, “செஸ்ட் பெய்ன்” என்கிறாள். வயதானவருக்கு நெஞ்சு வலி என்றால் சோதித்துத்தான் ஆக வேண்டும். இதயத் துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். குறை எதுவும் தெரியவில்லை. வலி மாத்திரையோடு இருவரும் வீடு திரும்புகிறார்கள். தாத்தாவின் மறைவைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசவே இல்லை.

பேத்தியைக் குறை சொல்ல முடியாது. தமிழில் ‘நெஞ்சு’ என்பது உடலின் ஓர் உறுப்பு மட்டுமன்று. மனத்துக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்தின் ‘செஸ்ட்’ அப்படியன்று. மலாயில் சொல்லியிருந்தாலும் சிக்கல்தான். ‘சாக்கிட் ஹாத்தி’ என்றால், பாட்டிக்கு யார் மீதோ மனத்தாங்கல் என்றாகிவிடும். அந்த மாணவியின் ஆங்கிலக் குறிப்பேட்டில் உணர்ச்சிச் சொற்கள் இல்லாமல் இல்லை. ‘ஹேப்பி’ என்றால் மகிழ்ச்சி, ‘சேட்’ என்றால் சோகம், ‘ஆங்ரி’ என்றால் கோபம், ‘ஸ்கேர்ட்’ என்றால் பயம் என்று வரிசையாக எழுதி மனப்பாடமும் செய்திருக்கிறாள். பாட்டியின் நிலை அந்த வரிசையில் எதனோடும் பொருந்தவில்லை. அதனால்தான் உணர்ச்சியை விட்டுவிட்டு உடலைப் பற்றிக் கொண்டாள்.

ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல் என்று எழுதிப் படிக்கும் இந்தப் பழக்கம், மேசை, நாற்காலி, புத்தகம் போன்றவற்றுக்கு நன்றாகவே பயன்படும். உணர்ச்சிகளுக்குப் பயன்படாது. இரு மொழிகளும் உணர்ச்சிகளை ஒரே இடத்தில் வெட்டிப் பிரிப்பதில்லை என்பதே காரணம்.

அன்றாடப் பேச்சில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களே இதற்குச் சான்று. “அவங்க ரொம்ப ஃபீல் பண்ணாங்க” என்று வீட்டில் சொன்னால், அவர்கள் வருந்தினார்கள் என்று எல்லாருக்கும் புரியும். ஆங்கிலத்தில் ‘ஃபீல்’ என்பது வெறுமனே உணர்தல். என்ன உணர்ந்தார் என்று அடுத்த சொல்தான் கூற வேண்டும். “அப்பா டென்ஷன் ஆயிட்டாரு” என்றால் பெரும்பாலும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்று பொருள். அதை அப்படியே “ஐ ஏம் டென்ஷன்” என்று கட்டுரையில் எழுதும்போது வாக்கியமும் பிழையாகிறது, பொருளும் மாறுகிறது. ‘போர் அடிக்குது’ என்பதை “ஐ ஏம் போரிங்” என்று எழுதுபவர்கள், தம்மைப் பற்றி என்ன சொல்லிக் கொள்கிறார்கள் என்று அறிவதில்லை. அவர்கள் சொல்ல நினைத்தது தமக்குச் சலிப்பாக இருக்கிறது என்பதை. சொன்னதோ தாம் சலிப்பூட்டும் ஆள் என்பதை!

வாக்கிய அமைப்பிலும் வேறுபாடு உண்டு. தமிழில் ‘எனக்குக் கோபம் வந்தது’ என்கிறோம். கோபம் விருந்தாளியைப் போல் வருகிறது, போகிறது. ஆங்கிலத்தில் “ஐ ஏம் ஆங்ரி” என்னும்போது பேசுபவரே அந்த நிலையில் இருப்பவராகிவிடுகிறார்.

இதனால் ஆங்கிலம் உணர்ச்சிக்கு ஏற்ற மொழியன்று எனச் சிலர் கூறுவதுண்டு. அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. சில இடங்களில் ஆங்கிலம் மாணவர்களைக் கூர்மையாகச் சிந்திக்க வைக்கிறது. ‘வெட்கமா இருக்கு’ என்று பேச்சில் பொதுவாகச் சொல்லப்படுவதை எடுத்துக் கொள்ளலாம். புதிய வகுப்பில் வாய் திறக்கத் தயங்குபவர் ‘ஷை’. எல்லார் முன்னும் காலணி கிழிந்து போனால் ‘எம்பாரஸ்ட்’. தேர்வில் பார்த்து எழுதியதை எண்ணித் தலை குனிபவர் ‘அஷேம்ட்’. இந்த மூன்றையும் பிரித்தறியும் மாணவர், தமக்கு நேர்ந்தது எது என்றும் கேட்டுக் கொள்வார். முதலாவதற்குப் பழக்கம் போதும். இரண்டாவதைச் சிரித்துக் கடக்கலாம். மூன்றாவதற்கு யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். பிரித்துப் பார்க்கும் சொற்கள் தமிழிலும் உண்டு: கூச்சம், நாணம், அவமானம், குற்ற உணர்ச்சி. ஆங்கிலச் சொல்லைத் தேடும்போதுதான் பலருக்கு இவை நினைவுக்கு வருகின்றன.

உணர்ச்சிகளை வகைப்படுத்துவது தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது; ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களையும் தருகிறது. அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினால். பிறர் இகழ்வது இளிவு. உறவையோ உடைமையையோ இழப்பது இழவு. முன்பு இருந்த நல்ல நிலை மாறிப் போனதற்காக வருந்துவதை அசைவு என்று உரையாசிரியர்கள் விளக்குகின்றனர். தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்து வீட்டையும், கோயிலையும், அண்டை வீட்டாரையும் விட்டு நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த முதியவர்களின் மனநிலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. ஆங்கிலத்தில் இந்த நான்கையும் ‘சேட்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடலாம். அடைத்துவிட்டால், எதனால் அழுகை என்ற கேள்வி காணாமல் போகிறது.

உணர்ச்சி சூழலிலிருந்து பிறக்கிறது. ஆங்கில வகுப்பில் மழை நாளைப் பற்றி எழுதச் சொன்னால், வெளியே விளையாட முடியாத சலிப்பைப் பலர் எழுதுவர். தோட்டத்தில் மழைக்கு வேறு பொருள். விடியற்காலையில் மழை பெய்தால் பால்மரத்தின் பட்டை நனைந்துவிடும். வெட்டினால் பால் கோட்டின் வழியே மங்குக்கு வராமல் மரத்தில் வழிந்தோடும். வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. பெரட்டுக்குக் கிளம்பியவர்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்த அந்த நிலைக்கு ‘போர்ட்’ என்ற சொல் பொருந்துமா? ‘வொரிட்’ பொருந்தும், தம்மால் எதுவும் செய்ய இயலாததால் ‘ஹெல்ப்லெஸ்’ இன்னும் நெருங்கி வரும். இப்படிச் சூழலிலிருந்து சொல்லைத் தேடிச் செல்லும் மாணவருக்கு அச்சொல் எளிதில் மறக்காது.

சொல்லைத் தேடுவதில் வேறொரு பயனும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கோபமோ அச்சமோ தெரியும் முகப்படங்களைப் பார்ப்பவர்கள், அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, மூளையில் அச்ச உணர்வோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் செயல்பாடு குறைவதைக் கண்டனர். இதைக் கொண்டு பெயர் சொன்னால் துன்பம் தீர்ந்துவிடும் என்று கூறிவிட முடியாது. ஆயினும், ஆலோசக ஆசிரியரிடம் எல்லாவற்றுக்கும் “ஸ்ட்ரெஸ், டீச்சர்” என்று மட்டும் சொல்லும் மாணவருக்கு ஆசிரியர் எப்படி உதவுவார்? தேர்வு அச்சமா, வீட்டில் சண்டையா, நண்பன் விலகிப் போனதா என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

ஆகவே, குறிப்பேட்டில் சொல்லுக்கு எதிரே சொல் எழுதுவதை நிறுத்திவிட்டு, சொல்லுக்கு எதிரே ஒரு நிகழ்ச்சியை எழுதிப் பழகலாம். ‘டிஸப்பாயின்டட்’ என்பதற்கு எதிரே ஏமாற்றம் என்று எழுதுவதைவிட, பள்ளிக் குழுவில் பெயர் இல்லாத நாளை எழுதுவது மேல். ஒரு சொல் கிடைக்காதபோது இரண்டு வாக்கியங்களில் சொல்வதும் ஆங்கிலம் அறிந்ததாகவே கருதப்பட வேண்டும். சொல் தெரியாததால் வேறொரு சொல்லைப் போட்டு நிரப்புவதுதான் ஆபத்து.

அந்தப் பேத்தி அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது, ‘செஸ்ட் பெய்ன்’ என்று தொடங்க வேண்டியதில்லை. தாத்தா நான்கு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார், அன்று முதல் பாட்டிக்கு இந்த இடத்தில் பாரமாக இருக்கிறது, இரவில் உறக்கமில்லை, வலியா துக்கமா என்று அவருக்கே தெரியவில்லை. இவ்வளவையும் படிவம் இரண்டு ஆங்கிலத்தில் சொல்லிவிட முடியும். அப்போதும் மருத்துவர் இதயத்தைச் சோதிக்கலாம். சோதித்த பிறகு தாத்தாவைப் பற்றிக் கேட்பார். அந்தக் கேள்வியைத் தமிழாக்கிப் பாட்டியிடம் கொண்டு செல்வது பேத்தியின் அடுத்த வேலை.