இருநூறு கிராம் பாரம்

சைக்கிளின் உறுப்புகளில் மனித சரீரத்தோடு மிகவும் நெருங்கிய சம்பந்தம் உடையது எது என்று கேட்டால், ஆசனத்தையோ கைப்பிடியையோ சொல்லமாட்டேன். கிராங்க் என்றே சொல்வேன். ஆசனமும் கைப்பிடியும் நம்மைத் தாங்குவதோடு சரி. பெடலை அழுத்தும் பாதத்தின் பலத்தை முதன்முதலாக வாங்கி, அதைச் சுழற்சியாக்கிச் சங்கிலிக்கு ஒப்படைக்கும் பொறுப்பு, ஒரு சாண் நீளங்கூட இல்லாத அந்த இரண்டு கைகளைச் சேர்ந்தது. நமது பழைய இரும்புச் சைக்கிள்களில் கிராங்கை அச்சோடு பிணைப்பது காட்டர் பின் என்னும் சிறிய ஆப்பு. அது தேய்ந்துவிட்டால் சுற்றுக்கொரு தரம் ‘டக்’கென்று காலில் இடறுவதை அனுபவித்தவர்கள் நம்மில் அநேகர். பிரான்சு தேசத்து ஸ்ட்ராங்லைட் கம்பெனியார் 1933-ஆம் ஆண்டிலேயே அந்த ஆப்பை நீக்கிவிட்டு, அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆன கிராங்கைச் சதுர முனை கொண்ட அச்சில் திருகாணியால் இறுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு உட்புறம் கூடான அலுமினியம் வந்தது. அதற்கும் பிறகு கார்பன் இழை வந்தது. இன்று மிக லேசான கிராங்க் ஜோடி, பல் சக்கரங்களையும் சேர்த்து நிறுத்தால்கூட, 600 கிராமுக்குக் குறைவாகவே இருக்கிறது.

சென்ற ஜூலையில் தெற்குப் பிரான்சில், பெதுவான் என்னும் சிற்றூரில் சில நாள் தங்கும் சந்தர்ப்பம் வாய்த்தபோது, அப்படிப்பட்ட ஒரு ஜோடியை மிக அருகிலிருந்து பார்த்தேன். பிளேன் மரங்களின் நிழலில் இருந்த காப்பிக் கடையின் முன்னால், நடுப்பிராயம் கடந்த ஆங்கிலேயர் சிலர் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அதற்குப் புதிய கிராங்க் பூட்டிக்கொண்டிருந்தார்கள். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அந்தக் கிராங்கை வாங்கப் பணம் கட்டியவர் அவர்களுடைய நண்பர். பல ஆண்டுகளாக அவர்களோடு கூடவே வந்து மலையேறியவர். ஒவ்வொரு திருகாணியையும் நிறுத்துப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் சுபாவம் உடையவர். குளிர்காலத்தில் அவர் காலமாகிவிட்டார். கிராங்க் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அதைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், அவர் எந்த மலையில் பரீட்சை செய்ய எண்ணியிருந்தாரோ அதே மலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

யாருடைய சைக்கிளில் பூட்டுவது என்பதை அவர்கள் தீர்மானித்த விதம் என் மனத்தில் பதிந்துவிட்டது. ஒல்லியானவருக்கு அது அலங்காரமாக இருந்திருக்கும். அவர்களோ எல்லோரிலும் பருமனானவரைத் தேர்ந்தெடுத்தார்கள். செங்குத்தான பாதையில் எழுந்து நின்று மிதிக்கும்போது அவருடைய முழுப் பாரமும் அதன்மேல் விழுமாதலால், பரீட்சை உண்மையான பரீட்சையாக இருக்கவேண்டுமென்றால் அவரே ஏறவேண்டும் என்று காரணம் சொன்னார்கள். டார்க் ரெஞ்சினால் அளவாக இறுக்கி முடித்தபின், மூத்தவர் ஒரு வெள்ளை மைப் பேனாவை எடுத்துத் திருகாணியின் தலையையும் கிராங்கையும் சேர்த்தாற்போல் ஒரு சிறு கோடு இழுத்தார். வழியில் திருகாணி இம்மியளவு தளர்ந்தாலும் கோடு இரண்டாக முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஜாக்கிரதை மிகையானதன்று. இரு பாகங்களாகச் செய்து ஒட்டப்பட்ட உள்கூடு அலுமினியக் கிராங்குகள் ஓட்டத்தின்போது பிளந்துவிடக்கூடும் என்பதனால், 2023 செப்டம்பரில் ஷிமானோ கம்பெனியார் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டுமே சுமார் 7,60,000 கிராங்குகளைப் பரிசோதனைக்கு வரவழைக்க நேர்ந்தது.

அவர்கள் ஏறவிருந்த மோன் வாந்தூ மலை இத்தகைய பரீட்சைக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 1,910 மீட்டர். 1336-ஆம் ஆண்டிலேயே கவி பெத்ரார்க் தம் சகோதரரோடு அதன் உச்சிக்கு ஏறியதாக ஒரு கடிதத்தில் வருணித்திருக்கிறார். பெதுவானிலிருந்து உச்சிவரை பாதை 21 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்குள் 1,600 மீட்டர் உயரம் ஏறியாகவேண்டும். நடுவே காடு, செங்குத்து. ஷாலே ரெனார் என்னும் விடுதியைத் தாண்டிவிட்டால் மரம், செடி எதுவும் இல்லாத வெண்சுண்ணக்கல் வெளி. நிமிடத்துக்கு 70 சுற்று வீதம் 100 நிமிடம் மிதிப்பவருடைய கிராங்க் 7,000 தடவை சுழல்கிறது. ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ இருந்து, கிராங்கில் 200 கிராம் குறைந்தால், கணக்குப்படி அந்த 100 நிமிடத்தில் மிச்சமாவது சுமார் 15 வினாடி. இவ்வளவு சொற்ப லாபத்துக்கா இவ்வளவு பிரயாசை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குரிய காரணமும் அந்த மலையிலேயே இருக்கிறது.

சிகரத்துக்குச் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே பாதையோரமாக ஒரு கருங்கல் ஸ்மாரகம் நிற்கிறது. 1967 ஜூலை 13-ஆம் தேதி, டூர் டி பிரான்ஸ் பந்தயம் மார்சேயிலிருந்து கார்ப்பாந்திரா நோக்கி இம்மலை வழியாகச் சென்றபோது, டாம் சிம்ப்ஸன் அங்கே விழுந்து மாண்டார். சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, 1962-இல் அப்பந்தயத்தின் மஞ்சள் சட்டையை அணிந்த முதல் பிரிட்டிஷ்காரர் என்றும், 1965-இல் சாலைப் பந்தயத்தின் உலக சாம்பியன் என்றும் கீர்த்தி பெற்ற அவருக்கு அப்போது வயது 29. அன்று கொடும் வெயில். ஓட்டக்காரர்களுக்கு வழியில் தண்ணீர் கொடுப்பதில் அக்காலத்தில் கட்டுப்பாடும் இருந்தது. அவருடைய உடலில் ஆம்ஃபெட்டமின் என்னும் ஊக்க மருந்தும் மதுவும் இருந்ததாகப் பிரேத பரிசோதனை கூறியது. மருந்துக் குழாய்கள் அவர் சட்டைப் பையிலேயே கிடைத்தன. மறுநாள் பந்தயத்தில் மற்ற ஓட்டக்காரர்கள் பின்தங்கி நின்று, அவருடைய அணியைச் சேர்ந்த பாரி ஹோபனை முன்னே விட்டு முதலில் வரச்செய்தார்கள். பந்தய உலகம் அறிந்த அஞ்சலி அது.

சிம்ப்ஸனோடு ஒரே அணியில் ஓட்டியவரும் அவருடைய இறுதிச் சடங்குக்காக இங்கிலாந்துக்குச் சென்றவருமான எடி மெர்க்ஸ், 1970-இல் பந்தயத்தின் முன்னணியில் இம்மலை ஏறும்போது, அந்த ஸ்மாரகத்தருகே தலைக்குல்லாயைக் கழற்றி மரியாதை செலுத்தினார். வெற்றி பெற்ற பின்னர் அவருக்கே பிராணவாயு கொடுக்க வேண்டியிருந்தது. அதே மெர்க்ஸ் 1972 அக்டோபரில், மெக்ஸிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓடிச் சாதனை நிகழ்த்திய சைக்கிளை, எர்னெஸ்தோ கொல்னாகோ என்னும் இத்தாலியக் கைவினைஞர், சங்கிலியின் கண்ணிகளைக்கூடத் துளைத்து, ஆறு கிலோவுக்குக் குறைவாகச் செய்து கொடுத்தார். சிம்ப்ஸனின் மரணத்தையும் இந்தச் சைக்கிளையும் சேர்த்து நினைக்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: மனிதனுக்குத் தன் பாரத்தைக் குறைத்துக்கொள்ளும் ஆசை இயல்பானது, அந்த ஆசையைச் சரீரத்தின்மேல் பிரயோகித்தால் அது உயிரைக் குடிக்கிறது, உலோகத்தின்மேல் பிரயோகித்தால் அது கலையாகிறது. நிறுத்துப் பார்த்து, துளைத்துப் பார்த்து, உடைகிறதா என்று சோதித்துப் பார்த்து ஒரு பொருளை லேசாக்குகிறவன், தன் பின்னால் வருகிறவர்களின் சிரமத்தையும் சேர்த்துக் குறைக்கிறான். போட்டிச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையலாகாது என்று 2000-ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள சர்வதேச விதிகூட, இந்தக் கலைக்கு இடப்பட்ட எல்லைதானே ஒழிய அதற்கு விரோதமானதன்று.

மறுநாள் காலை நான் காரில் மேலே சென்றபோது அந்த நண்பர்கள் ஸ்மாரகத்தின் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முன்பின் அறியாத எத்தனையோ பேர் வைத்துவிட்டுப் போன தண்ணீர்ப் புட்டிகளும் குல்லாய்களும் கல்லைச் சுற்றிக் கிடந்தன. மூத்தவர் இறந்துபோன நண்பரின் வெளிறிய குல்லாயை அவற்றிடையே வைத்து, காற்றில் போகாதிருக்க ஒரு சுண்ணக்கல்லை அதன்மேல் ஏற்றினார். பிரசங்கம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, பருமனானவருடைய சைக்கிளைச் சாய்த்து, ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து, கிராங்கின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்கள். அது முறியாமல் இருந்தது. ஒருவர் பெடலைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். மற்றொருவர் அந்த நண்பரின் குறிப்பேட்டையே பிரித்து, தேதியைப் போட்டு, ‘சத்தம் இல்லை, தளர்ச்சி இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். 15 வினாடி மிச்சம் பிடித்துக் கொடுக்கும் கருவியைக் கொண்டுவந்தவர்கள், அந்தப் படிகளில் அரைமணிக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கக் காணோம்.

வாசகர்களில் எவரேனும் கோடைக்காலத்தில் அம்மலைக்குச் சைக்கிளில் செல்ல நேர்ந்தால், வெயில் ஏறுமுன் பெதுவானை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள். இரண்டு புட்டித் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஷாலே ரெனாரில் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு மேலே ஆறு கிலோமீட்டருக்கு நிழல் கிடையாது.