மைனரும் மைனாரிட்டியும்

ஆங்கில 'மைனாரிட்டி'க்கு இரு பொருள்கள்: தொகையிற் குறைந்தோர், உரிய வயது நிரம்பாத பருவம். 'சிறிய, இளைய' எனப் பொருள்படும் இலத்தீன் 'மைனர்' இரண்டுக்கும் வேர். (தமிழில் அந்த மைனர் தங்கச் சங்கிலியுடன் ஊர்சுற்றுவது வேறு கதை.)

வேலந்தாவளத்தில் தமிழ்வழிக் கல்வி கேட்டால், முதற்பொருளைச் சொல்லி இரண்டாம் பொருளில் நடத்துகின்றனர். காப்பாளர் மனமிரங்கித் தரும் சலுகையாம்!

சோதனைச் சாவடிக்கு அப்பால், கோவை மாவட்டத்தில், இதே மொழியினர் பெரும்பான்மையினர். சிறுபான்மையைக் கணிக்க மாநிலமே அலகு என 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, அச்சொல் எல்லைக்கோடு இட்ட கணக்கேயன்றி எம் தகுதிக்கான அடைமொழி அன்று.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி வழங்க மாநிலங்கள் முயலவேண்டும் என்னும் 350அ பிரிவு 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. அதில் 'சலுகை' எங்கே இருக்கிறது? காட்டுங்கள்.