தோளுக்குப் பின்னால் நிற்பவர்
தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சின்னப் பட்டறைகளில் கூலிக் கணக்கு எழுதும் கணினிக்கென்று தனி அறை ஏது? தட்டுகிறவரின் தோளுக்குப் பின்னால் சரக்கெடுக்க வந்தவரோ சம்பளத்துக்குக் காத்திருப்பவரோ நின்றுகொண்டுதான் இருப்பார். அந்த எக்ஸெல் கோப்பில், தெரிந்த பையன் எழுதிக் கொடுத்த மேக்ரோ ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து கடவுச்சொல் கேட்கிறது. தட்டத் தட்ட ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று திரையில் விழுகிறது. மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ-வின் இன்புட்பாக்ஸில் எழுத்தை மறைக்க நேரடி வழி கிடையாது. யூசர்ஃபார்ம் ஒன்று அமைத்து, டெக்ஸ்ட்பாக்ஸின் 'பாஸ்வேர்ட்கேர்' என்ற இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இட்டால் தீர்ந்தது. மேக் கணினியின் ஆப்பிள்ஸ்கிரிப்டில் என்றால் 'ஹிடன் ஆன்சர்' என்று சேர்த்தாலே போதும். எழுத்தை மறைப்பதால் பிழைகள்தான் பெருகுகின்றன, பெரும்பாலும் பின்னால் நின்று பார்க்க யாருமில்லை என்று 2009இல் பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் வாதிட்டார். மும்பையின் செம்பூரில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்பவருக்கு அது பொருந்தும், தாராவிக்குப் பொருந்தாது. விண்டோஸ் 8இல் வந்த கண் பொத்தான் நல்ல சமரசம்: மறைத்தே வை, வேண்டும்போது காட்டு. ஆனால் நட்சத்திரக் குறி பார்வையை மட்டுமே தடுக்கும். மேக்ரோவுக்குள்ளேயே கடவுச்சொல்லை எழுதி வைத்து, அந்த மேக்ரோவையும் பூட்டாமல் விட்டால், ஆல்ட்டும் எஃப்11உம் அழுத்துகிற எவரும் படித்துவிடலாம். அக்கம்பக்கத்துக்கு மேக்ரோ எழுதிக் கொடுக்கும் தம்பி தங்கைகளே, கோப்பைக் கையில் கொடுக்கும் முன் இந்த இரண்டையும் சரிசெய்து கொடுங்கள்.